உத்தரவாத விலை வயலுக்கு ஏன் வந்து சேர்வதில்லை?

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், வவுணதீவுப் பக்கத்தில் குத்தகைக்கும் சொந்தத்துக்குமாக வயல் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: 2024/25 பெரும்போகத்தில் (தையை ஒட்டி அறுவடைக்கு வரும் பெரிய பருவத்தில்) அரசாங்கம் ‘நாடு’ வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அறிவித்திருந்தும் வயலுக்கு வந்தவர்கள் அதைவிட எவ்வளவோ குறைத்தே கேட்டார்கள், அதே காலத்தில் கடையில் அரிசி விலை இறங்கவில்லை, அப்படியானால் ஏமாற்றுவது வியாபாரியா, ஆலைக்காரரா, அரசாங்கமா, நாங்கள் செய்வதற்கு ஏதாவது உண்டா? குற்றவாளியைத் தேடுவதுபோல் எழுதப்பட்டிருந்தாலும், வேளாண்மை (நெற்பயிர்) வெட்டும் நாளில் அவரது வயல் வரம்பில் விலையைத் தீர்மானிப்பது எது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று விளங்கிக்கொள்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன். குற்றவாளியைப் பற்றியும் இடையில் சொல்வேன்.

நான் கூட்டுறவுத் துறையில் நெல் கொள்வனவோடும், பின்னர் விவசாயிகளுக்கான அரச சேவையான கமநல சேவையோடும் தொடர்புடைய வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும், அம்பாறை மாவட்டத்துச் சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கங்களிலும் களஞ்சியசாலை வாசலில் நின்று நெல்லை நிறுத்து வாங்கிய அனுபவம் உண்டு. ஆலைகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவனல்லன். ஆகவே ஆலைக்குள் நடப்பதைப் பற்றி எழுதுவதை வெளியிலிருந்து போட்ட கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாத விலை என்பது, நெல்லை எந்த விலைக்கு வாங்குவோம் என்று அரசு அறிவிக்கும், 1948 இல் தொடங்கிய ஏற்பாடு. 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நெல் சந்தைப்படுத்தும் சபை உருவானபோது, நெல்லை வாங்கும் உரிமையே பெரும்பாலும் அரசின் கையில் இருந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அதன் முகவர்களாக ஊர் ஊராக வாங்கின. 1977 இற்குப் பிறகு தனியார் வியாபாரம் திறந்துவிடப்பட்டது. சபையின் கொள்வனவு படிப்படியாகச் சுருங்கி, இடையில் முடங்கியும் போய், பின்னர் மீண்டும் தொடங்கியது. இன்று அறிவிக்கப்படும் விலை, அந்தச் சபை தன் களஞ்சியத்தில் எந்த விலைக்கு வாங்கும் என்பதைச் சொல்லும் விலை. நாட்டில் சாதாரணமான ஒரு பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நெல் விளைகிறது. அதில் சபை வாங்குவது சிறிய பங்கு. மீதியை வாங்கும் தனியார் வியாபாரி அந்த விலையை ஒரு குறியாகப் பார்ப்பார், கட்டளையாகப் பார்க்கமாட்டார். அரிசியின் உச்ச சில்லறை விலை அப்படியானதன்று: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானியில் வெளியிடுவதால் அதை மீறும் கடைக்காரர் மீது வழக்குத் தொடரலாம். உண்பவருக்குச் சட்டத்தின் காவலும் விளைவிப்பவருக்கு ஓர் அறிவித்தலும் கிடைத்திருக்கின்றன என்பதை எந்த மேடையிலும் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது ஈரப்பதன். விலை பேசும்போது நாம் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். அந்த 120 ரூபா, ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாத, பதர் நீக்கிய நெல்லுக்கு அறிவிக்கப்பட்ட விலை. முன்பு கையால் வெட்டி, உப்பட்டியாக (கதிர்க் கட்டுகளாக) வயலில் காயவிட்டு, பிறகு சூடு (கதிர்ப் போர்) வைத்து, வசதிப்பட்ட நாளில் சூடடித்தபோது நெல் மூடைக்குள் போகுமுன்பே தானாக ஓரளவு உலர்ந்துவிடும். வெட்டுவதற்கும் விற்பதற்கும் இடையில் கிழமைக் கணக்கில் அவகாசமும் இருந்தது. வெட்டு மெசின் வந்தபின் அந்த அவகாசம் இல்லாமற் போய்விட்டது. காலையில் நிற்கும் வயல் மாலையில் மூடையாகிவிடுகிறது. அந்த நெல்லின் ஈரப்பதன் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். அதைக் கட்டியபடியே ஓரிரு நாள் வைத்தால் உள்ளே சூடேறி மணியின் நிறம் மாறும், முளைவிடவும் கூடும். கூலியும் ஆட்பற்றாக்குறையும் இருக்கும் நிலையில் மெசினை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் பச்சை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு காய்ந்த நெல்லின் விலையைக் கேட்கும் நிலைக்கு அந்த மெசின் நம்மைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். மூடையின் நிறை இடத்துக்கு இடம் மாறுவதால் கிலோவிலேயே சொல்கிறேன். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 78 கிலோ உலர்பொருள் இருக்கிறது. அதை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் கிடைப்பது ஏறத்தாழ 90.7 கிலோ. ஆகவே காய்ந்த நெல் 120 ரூபாவென்றால் அதே நெல்லின் பச்சை விலை, உலர்த்தும் செலவைக் கழிக்காமலே, 108 ரூபா 80 சதம்தான். ஈரம் 24 சதவீதமானால் அது 106 ரூபாவளவுக்கு வந்துவிடும். உங்கள் வயலில் வந்து 105 ரூபா கேட்ட ஒருவர் உங்களை ஏமாற்றவில்லை. உலர்த்தும் கூலியையும் ஏற்றிறக்கும் கூலியையும் அவரே ஏற்கிறார் என்றால் அது நல்ல விலை என்றே சொல்வேன். 90 ரூபா கேட்டிருந்தால் காய்ந்த கணக்கில் அது 99 ரூபா. அங்கே நீங்கள் கோபப்படுவதற்கு நியாயம் உண்டு. ஏக்கருக்கு 2,000 கிலோ பச்சை நெல் என்று வைத்துக்கொண்டால், 90 ரூபாவுக்குக் கொடுப்பவர் 180,000 ரூபா பெறுகிறார். அதையே உலர்த்திச் சபைக்குக் கொடுத்தால் 1,814 கிலோவுக்கு ஏறத்தாழ 217,700 ரூபா. இடையில் நிற்கும் 37,000 ரூபாவுக்கு மேற்பட்ட தொகையில் உலர்த்தும் செலவும் லொறிக் கூலியும் போக மிஞ்சுவதுதான் நீங்கள் இழந்தது. இந்தக் கணக்கோடு பேரம் பேசுபவருக்கும், ‘அரசாங்கம் 120 சொல்லுது, நீங்க 90 கேக்கிறீங்க’ என்று பேசுபவருக்கும் வியாபாரி தரும் பதில் ஒன்றாக இருப்பதில்லை. மூடைக்கு இத்தனை கிலோ ‘கழிவு’ என்று தராசடியில் கழிப்பது வேறு விடயம். ஈரத்துக்காக விலையையும் குறைத்து, அதே ஈரத்துக்காக நிறையிலும் கழிப்பது ஒரே குறைக்கு இரண்டு தரம் வெட்டுவதாகும். அதை எதிர்ப்பதற்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.

இனிக் காலம். பெரும்போக நெல் நாட்டிலேயே முந்தி அறுவடைக்கு வரும் இடங்களில் அம்பாறையும் மட்டக்களப்பும் உண்டு. தை மாதத்திலேயே சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) படுவான்கரையிலும் மெசின் இறங்கிவிடும். வடகீழ்ப் பருவமழையோ தையிலும் முழுதாக விட்டுப்போவதில்லை. நனைந்த வயலில், நனைந்த வானத்தின் கீழ் வெட்டும் நிலை நமக்கு அடிக்கடி வருகிறது, அயல் மாவட்டமான பொலன்னறுவைக்கு அந்தளவுக்கு வருவதில்லை. 2025 இல் கொள்வனவு விலை அறிவிக்கப்பட்டது பெப்ரவரி 5 ஆம் திகதி: நாடு 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபா. அதற்கு முன்பே நமது மாவட்டங்களில் பலர் வெட்டி விற்று முடித்துவிட்டார்கள். அறிவித்த விலை போதாது என்று அப்போது நடந்த விவாதத்தைவிட, அந்த விலை நமக்குப் பிந்தி வந்தது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. விதைப்புக்கு முன்னரே விலையை அறிவித்தால் அரசுக்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகாது. குத்தகை பேசுபவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் அது ஒரு பிடியாக இருக்கும்.

காலத்தோடு சேர்ந்தது கடன். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, அதைத் தொடர்ந்து உர விலை பலமடங்கு ஏறியபின், கையிலிருக்கும் காசை மட்டும் கொண்டு வயல் செய்பவர்கள் நமது பகுதியில் மேலும் குறைந்துவிட்டார்கள். உரக்கடையில் போகக் கடன், நகை அடகில், மெசின் வாடகை கடனில்; எல்லாம் ‘வெட்டினவுடனே தாறன்’ என்ற சொல்லில் நிற்கிறது. சில இடங்களில் உரம் கொடுத்தவரே நெல் வாங்குபவராகவும் இருக்கிறார். அங்கே பேரம் என்று ஒன்று நடப்பதேயில்லை. சபைக்கு நெல் கொடுத்தால் காசு வங்கிக் கணக்குக்கு வரும், சில நேரம் சுணங்கி வரும். வியாபாரி வரம்பிலேயே எண்ணிக் கொடுக்கிறார். பத்து நாள் பிந்தி வரும் 120 ரூபாவைவிட இன்று வரும் 95 ரூபாவைத் தெரிவு செய்பவரை அறிவில்லாதவர் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. அடகுக் கடையின் தவணைத் திகதி அவருக்குத்தான் தெரியும். குத்தகைக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பில் (பதிவேட்டில்) பெயர் போடியார் என்ற பெரிய நிலச்சொந்தக்காரருடையதாகவோ வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரருடையதாகவோ இருக்கும்போது, உர மானியமும் களஞ்சியத்தில் நெல் கொடுக்கும் வாய்ப்பும் உண்மையில் செய்பவருக்குக் கிடைக்காமல் போகக் கூடும்.

அரிசி விலை ஏன் இறங்கவில்லை என்ற பகுதிக்கு வருகிறேன். 100 கிலோ காய்ந்த நெல்லில் கிடைப்பது 62 முதல் 66 கிலோ வரையான அரிசி. 63 என்று வைத்தால், 120 ரூபா நெல்லிலிருந்து வரும் ஒரு கிலோ அரிசிக்குள் 190 ரூபாவுக்கு நெல்லே இருக்கிறது. 2024 டிசம்பரில் ‘நாடு’ அரிசிக்கு விதிக்கப்பட்ட உச்ச விலை மொத்தமாக 225, சில்லறையாக 230 ரூபா. இடையிலுள்ள 35 ரூபாவிலும் தவிடு, உமி விற்று வருவதிலும் அவித்தல், குற்றல், மின்சாரம், போக்குவரத்து, வட்டி எல்லாம் அடங்க வேண்டும். நியாயமாக நெல் வாங்கும் சிறிய ஆலைக்கு அதில் பெரிய இலாபம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் காய்ந்த கணக்கில் 99 ரூபாவுக்கு நெல்லை வாங்கியவருக்கு அதே ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலை 157 ரூபாதான். அறுவடை நாளில் விழுந்த 21 ரூபா அரிசியில் 33 ரூபாவாகத் தங்கிவிடுகிறது. உண்பவருக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராததற்குக் காரணம், தையிலும் மாசியிலும் வாங்கப்படும் நெல் ஆண்டு முழுவதும் விற்கப்படுவதே. வாங்கி அடுக்கி வைக்கும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அந்த வித்தியாசம் நிற்கிறது. 2024 இன் இறுதியில் ‘நாடு’ அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, கிலோவுக்கு 65 ரூபா வரியோடு தனியார் இறக்குமதிக்கு இடமளிக்க வேண்டி வந்ததும் கையிருப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடு தொடர்புடையதுதான்.

இங்கே உறுதியானது முடிந்து ஐயம் தொடங்குகிறது. பெரிய ஆலைகள் சில தமக்குள் பேசி விலையை இறக்குகின்றனவா? பெரும் களஞ்சியமும் வங்கிக் கடனும் சிலரிடம் குவிந்திருப்பது எல்லோரும் அறிந்தது; ஆண்டின் பிற்பகுதியில் அரிசியைச் சந்தைக்கு விடும் வேகத்தை அவர்களால் மாற்ற முடியும் என்பதும் நம்பத்தக்கதே. ஆனால் அறுவடைக் கால வீழ்ச்சிக்கு அப்படியொரு சூழ்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. ஒரே கிழமையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஈர நெல் வந்து குவிந்து, அதை வைத்திருக்க இடமும் அவகாசமும் விற்பவருக்கு இல்லையென்றால், வாங்குபவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தாலும் விலை விழும். சூழ்ச்சி இருந்தால் அது வீழ்ச்சியை ஆழமாக்கும். சூழ்ச்சிக்காரரைப் பிடித்துச் சிறையில் போட்டாலும் அடுத்த தையில் நெல் ஈரமாகவே இருக்கும்.

கேள்வியில் சொல்லப்படாமல், அதன் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்களில் வந்த ஒன்றையும் தொட்டுத்தான் போக வேண்டும். தமிழ் ஊர்களின் நெல்லை முஸ்லிம் வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஆனால் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் முஸ்லிம் விவசாயி அதே கிழமையில் அதே ஈர நெல்லை ஏறக்குறைய அதே விலைக்குக் கொடுத்துவிட்டு அதே வார்த்தைகளால் திட்டுவதையும், அம்பாறையின் உள்பகுதிக் குடியேற்றங்களில் சிங்கள விவசாயி பொலன்னறுவை ஆலைகளைத் திட்டுவதையும் நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஊருக்குள் லொறி கொண்டு வருபவர் பெரும்பாலும் ஆலைக்கும் வயலுக்கும் இடையில் கிலோவுக்குச் சில ரூபா பார்க்கும் சிறிய தரகர்; ஆலை அன்று காலை தொலைபேசியில் சொன்ன விலையிலிருந்து தன் பங்கைக் கழித்துக்கொண்டு வருபவர். அவரை இனத்தின் பெயரால் விரட்டிய ஊர் அடுத்த போகத்தில் வாங்க வருபவர் ஒருவரை இழக்கும். வாங்குபவர் குறைந்தால் விலை என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

செய்யக் கூடியது என்ன? முதலாவது, வைத்து விற்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘மூன்று மாதம் பொறுத்தால் விலை ஏறும்’ என்ற அறிவுரையை இலேசாகச் சொல்கிறார்கள். பல ஆண்டுகளில் ஏறியது உண்மை. ஆனால் அரிசிக்கு உச்ச விலை இருக்கும்வரை நெல்லுக்கும் மறைமுகமாக ஒரு கூரை இருக்கிறது: 225 ரூபா மொத்த விலையென்றால், குற்றும் செலவைத் தவிடும் உமியும் ஈடுகட்டுவதாக வைத்தாலும், ஆலை ஒன்று நட்டமில்லாமல் கொடுக்கக் கூடியது 140 ரூபாவைச் சுற்றியே நிற்கும். அதற்கிடையில் எலியும் வண்டும் எடுப்பது, அடகின் வட்டி, திடீரென்று இறக்குமதிக் கப்பல் வருவது எல்லாம் உங்கள் தலையில். கடனில்லாதவர் வைத்துப் பார்க்கலாம். அடகில் நகை உள்ளவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அவருக்குச் சொல்வது, கடனுக்கு வேண்டிய அளவைப் பச்சையாக விற்றுவிட்டு மீதியை மட்டும் உலர்த்துங்கள் என்பதே. முழுவதையும் ஒரே லொறியில் ஏற்றிவிடும் பழக்கந்தான் நமக்கு அதிக இழப்பைத் தருகிறது.

இரண்டாவது, உலர்த்துவதைத் தனித்தனியாகச் செய்ய முடியாது. வீதியோரத்தில் படங்கு (தார்ப்பாய்) விரித்துக் காயவைப்பது மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் ஆபத்து, நெல்லுக்கும் கல்லும் மண்ணும். சதுர மீற்றருக்கு 20 கிலோ அளவில் பரப்பினால் ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ 100 சதுர மீற்றர் சீமெந்துத் தளம் வேண்டும். நல்ல வெயிலில் கிளறிக் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் 14 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு வட்டையின் கமக்காரர் அமைப்பு அப்படியொரு தளமுள்ள களமும், ஈரப்பதனை அளக்கும் ஓர் ஈரமானியும், சரிபார்த்த ஒரு தராசும் வைத்திருந்து, வெட்டும் நாட்களைத் தமக்குள் முறைபோட்டுக்கொண்டால், அதே லொறி அதே வரம்புக்கு வரும்போது பேச்சே வேறாக இருக்கும். ஈரமானி மட்டும் வாங்கிய அமைப்புகள்கூடப் பயன் கண்டதை நான் பார்த்திருக்கிறேன். வியாபாரி ‘இருபத்தைந்து’ என்று சொல்லும்போது ‘இருபத்தொன்று’ என்று காட்ட ஒரு கருவி கையில் இருப்பது சிறிய காரியமல்ல. மழை விடாத தையில் வெயில் களம் உதவாது. அதற்கு உமியில் இயங்கும் உலர்த்தி வேண்டும். அது ஓர் ஊரின் சக்திக்கு மீறியது, அரசோ கூட்டுறவோ செய்ய வேண்டியது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்களுக்கு லொறி இலகுவாக வந்து போகிறது; நெல்லை உள்ளூரிலேயே உலர்த்தி அடுக்கிவைக்கும் வசதி அந்தளவுக்கு வளரவில்லை. தேர்தல் காலத்தில் விலையைக் கூட்டித் தருவேன் என்பவரிடம் படுவான்கரையில் எத்தனை உலர்த்தி வைப்பீர்கள் என்று கேட்பதே எனக்குப் பயனுள்ள கேள்வியாகத் தெரிகிறது. களஞ்சியத்தில் ஒப்படைத்த நெல்லின் பற்றுச்சீட்டை வைத்து வங்கியில் கடன் பெறும் முறையும் நாட்டில் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட ஒன்றுதான். அது நமது பகுதியில் பரவலானால் அடகுக் கடைக்கு ஒரு மாற்றாகும். ஆனால் களஞ்சியம் வயலுக்கு அருகில் இல்லாமல் அது நடக்காது.

மூன்றாவது, போகத்துக்கு முன் பிரதேச செயலாளர் தலைமையில் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தை நாம் வீணாக்குகிறோம். நீர் திறக்கும் திகதி, விதைப்புத் திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி என்று எல்லாம் அங்கே தீர்மானமாகிறது. கொள்வனவு பற்றி, நான் அறிந்தவரை, ஒரு வரிகூடப் பதியப்படுவதில்லை. எந்தக் களஞ்சியம் எந்தத் திகதியில் திறக்கும், எவ்வளவு கொள்ளும், குத்தகைக்காரர் எந்த ஆவணத்தோடு நெல் கொடுக்கலாம் என்பவற்றை நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைமாரும் அமைப்புத் தலைவர்களும் அங்கேயே எழுப்பிக் கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டும். குறிப்பில் ஏறியதை மாசியில் காட்டிக் கேட்கலாம். வாயால் சொன்னதைக் காட்ட முடியாது. குத்தகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து அந்தப் போகத்துக்குக் கமநல சேவை நிலையத்தில் பதியும்படி காணிக்காரரைக் கேட்பதையும் அதே காலத்தில் செய்யுங்கள். காணி பறிபோய்விடும் என்ற பயத்தில் சிலர் மறுப்பார்கள். ஒரு போகத்துக்கு மட்டும் என்று திகதியிட்டு எழுதும் கடிதம் பல இடங்களில் அந்தப் பயத்தைக் குறைத்திருக்கிறது, எல்லா இடத்திலும் அல்ல.

உங்கள் வட்டையில் மொத்தம் எத்தனை ஏக்கர், அதில் எத்தனை பேர் குத்தகைக்குச் செய்கிறார்கள், மெசின் எத்தனை நாளில் வெட்டி முடிக்கிறது என்ற மூன்று விபரங்களையும் எழுதினால், களம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், முறை எப்படிப் போடலாம் என்பதைக் கணக்கிட்டு எழுதுகிறேன்.